டென்னிஸ் எல்போவுக்கு பிஆர்பி ஊசி: போடலாமா வேணாமானு முடிவு பண்றதுல இருந்து போட்ட பிறகு கை தேறுற வரைக்கும்

முழங்கையோட வெளிப்பக்கம் வர்ற இந்த டென்னிஸ் எல்போ வலி ஆரம்பிச்சு எத்தனை மாசம் ஆச்சுனு முதல்ல கணக்கு பண்ணிக்கோங்க. மூணு மாசம்கூட ஆகலைனா பிஆர்பி, அதாவது உங்க ரத்தத்துல இருந்தே பிளேட்லெட்டை பிரிச்சு போடற ஊசி, அதை பத்தி இப்போதைக்கு யோசிக்கவே வேணாம், இந்த வலி பத்துல எட்டு ஒன்பது பேருக்கு ஒரு வருஷத்துக்குள்ள பெருசா எந்த வைத்தியமும் இல்லாமலே குறைஞ்சுடுது, அந்த நேரத்துல ஊசிக்கு பணம் கட்டுறது அவசரம். ஆறு மாசம் தாண்டிடுச்சு, ஒழுங்கா எக்சர்சைஸ் பண்ணியும் பார்த்தாச்சு, இன்னும் ஒரு தண்ணி பாட்டில் மூடியை திறந்தாலே முழங்கைல சுருக்குனு இழுக்குதுன்னா அப்போ இதை உட்கார்ந்து யோசிக்கலாம்.

தானா சரியாகுற வியாதியா இருக்கறதால இன்னொரு சிக்கலும் இருக்கு. எட்டாவது மாசத்துல ஏதோ ஒரு ஊசி போட்டு பதினோராவது மாசத்துல வலி போச்சுனா, அந்த ஊசிதான் சரி பண்ணுச்சுனு அடிச்சு சொல்லுவோம், ஆனா அது எப்படியும் போயிருக்குமோ என்னவோ யாருக்கு தெரியும். "எனக்கு ஒரே ஊசில சரியாயிடுச்சு"ன்னு யாராவது சொன்னா சந்தோஷமா கேட்டுக்கோங்க, அதை மட்டும் வச்சு முடிவெடுக்காதீங்க.

இது டென்னிஸ் எல்போதானா?

இதை ஏன் முன்னாடியே சொல்றேன்னா, தப்பான இடத்துல போட்ட ஊசி எவ்வளவு நல்ல ஊசியா இருந்தாலும் வேலை செய்யாது. முழங்கையோட வெளிப்பக்கம் ஒரு எலும்பு முட்டு துருத்திக்கிட்டு இருக்கும், அதுலயோ அதுக்கு கொஞ்சம் முன்னாடியோ விரலால அழுத்தினா "ஆ அதேதான்"னு சொல்ற மாதிரி வலிக்கணும். அப்புறம் முழங்கையை நீட்டி, உள்ளங்கை கீழ பார்க்கற மாதிரி வச்சு முஷ்டி மடக்கிக்கோங்க, மணிக்கட்டை மேல தூக்குங்க, இன்னொருத்தரை அதை கீழ அமுக்க சொல்லுங்க. அதே இடத்துல வலி வரணும். நடுவிரலை மட்டும் நீட்டி வச்சு அதை அமுக்கினாலும் வரும். உள்ளங்கை கீழ இருக்கற மாதிரி நாற்காலியோட முதுகை பிடிச்சு தூக்கினா பெரும்பாலும் மாட்டிக்கும்.

வலி அந்த முட்டுல இல்லாம அதுக்கு நாலஞ்சு சென்டிமீட்டர் கீழ முன்னங்கை சதைக்குள்ள இருந்தா, அங்க போற ரேடியல் நரம்பு நெருக்கப்படுதாங்கறதை பார்க்கணும். விரல் மரத்துப்போகுது, கழுத்தை திருப்பினா கைக்கு வலி இறங்குதுன்னா கழுத்து எலும்புல இருந்து வரலாம். முழங்கை வீங்குது, மடக்கும்போது பூட்டிக்கிட்டு நிக்குதுன்னா மூட்டுக்குள்ளயே பிரச்சனை இருக்கலாம். உள்பக்க முட்டுல வலினா அது கோல்ஃபர்ஸ் எல்போ, வேற கதை. ஒரு டாக்டர் கையை தொட்டு பார்க்காம வெறும் பேச்சுலயே பிஆர்பி போட்டுடலாம்னு சொன்னா, வேற ஒருத்தர்கிட்டயும் காட்டிட்டு முடிவு பண்ணுங்க.

உள்ள என்னதான் நடக்குது

மணிக்கட்டை பின்பக்கமா தூக்கற தசைகள்ல ஒண்ணு எக்ஸ்டென்சர் கார்பி ரேடியாலிஸ் பிரெவிஸ், இந்த பேரை மனப்பாடம் பண்ண வேணாம் ஆனா ரிப்போர்ட்ல இசிஆர்பினு போட்டிருந்தா இதுதான். அந்த தசை எலும்போட ஒட்டுற இடத்துல இருக்கற டெண்டான்லதான், அதாவது தசையை எலும்போட கட்டிவைக்கற நார்லதான் பிரச்சனை. ரொம்ப காலம் இதை வீக்கம், அழற்சினு நினைச்சாங்க, ஆனா ஆபரேஷன்ல எடுத்த திசுவை மைக்ராஸ்கோப்ல பார்த்தப்போ அழற்சி செல்கள் பெருசா இல்ல, டெண்டான் நார்கள் ஒழுங்கில்லாம குலைஞ்சு, கண்டபடி சின்ன ரத்தக்குழாய்கள் முளைச்சு, பழைய கயிறு பிரி பிரியா போன மாதிரி இருந்துச்சு. 1979-லயே நிர்ஷல், பெட்ரோன்னு ரெண்டு சர்ஜன்கள் இதை எழுதிட்டாங்க. அதாவது அடிபட்டு, ஆறாம அரைகுறையா நின்னுபோன டெண்டான்.

இதை ஏன் சொல்றேன்னா ஸ்டீராய்டு ஊசியோட கதை இதுல இருந்துதான் புரியும். ஸ்டீராய்டு போட்டா ஒரு வாரத்துலயே சொர்க்கம், ஆறு வாரம் வரைக்கும் அதை அடிச்சுக்க ஆளில்ல. ஆனா 2002-ல நெதர்லாந்துல பண்ணி லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல வந்த ஆராய்ச்சியில ஒரு வருஷம் கழிச்சு பார்த்தா ஸ்டீராய்டு போட்டவங்கள்ல 69 சதவீதம் பேருக்குத்தான் சரியாயிருந்துச்சு, சும்மா பொறுத்திருந்தவங்கள்ல 83, பிசியோ போனவங்கள்ல 91. ஒண்ணுமே பண்ணாதவங்களைவிட ஊசி போட்டவங்க பின்தங்கிட்டாங்க! 2006-ல ஆஸ்திரேலியாவுல பண்ணதுலயும் இதே கதை, ஸ்டீராய்டு போட்டவங்களுக்கு வலி திரும்பி வர்றது ரொம்ப ஜாஸ்தியா இருந்துச்சு. அதனால "சும்மா ஒரு ஸ்டீராய்டு போட்டு பார்ப்போமே"ங்கற பேச்சுக்கு எனக்கு இப்பல்லாம் மரியாதை கிடையாது, ஏதோ ஒரு முக்கியமான காரியத்துக்கு ஒரு மாசம் மட்டும் கை வேணும்னா அது வேற.

பிஆர்பி எங்க வருது

உங்க ரத்தத்தையே எடுத்து மெஷின்ல சுத்த விட்டா சிவப்பணு கனமா இருக்கறதால அடியில போயிடும், மேல மஞ்சளா பிளாஸ்மா நிக்கும், நடுவுல மெல்லிசா ஒரு படலம், அதுலயும் அதுக்கு பக்கத்துலயும்தான் பிளேட்லெட், அதாவது ரத்தத்தை உறைய வைக்கற சின்ன அணுக்கள் அதிகம். அதை மட்டும் உறிஞ்சி எடுத்து வலிக்கற டெண்டான்ல போடறதுதான் பிஆர்பி. சாதாரண ரத்தத்துல ஒரு மைக்ரோலிட்டருக்கு ஒன்றரை லட்சத்துல இருந்து நாலரை லட்சம் வரைக்கும் பிளேட்லெட் இருக்கும், பிஆர்பில அது பல மடங்கு, பத்து லட்சம் பக்கம் வரணும்னு ஒரு பழைய கணக்கு உண்டு. பிளேட்லெட் உடையும்போது திசு வளர்ச்சியை தூண்டற புரதங்கள் வெளிய வரும், அது நின்னுபோன ஆற்ற வேலையை மறுபடி கிளப்பி விடும்னு ஐடியா. ஐடியா அழகா இருக்கு. வேலை செய்யுதாங்கறதுதான் கேள்வி.

இங்க கொஞ்சம் பொறுமையா படிங்க, ஏன்னா ரெண்டு பக்கமும் அரை உண்மையை மட்டும் சொல்றவங்க இருக்காங்க. 2010-ல நெதர்லாந்துல 100 பேரை வச்சு பிஆர்பியையும் ஸ்டீராய்டையும் ஒப்பிட்டாங்க, ஒரு வருஷத்துல பிஆர்பி போட்டவங்கள்ல 73 சதவீதம் பேர் வலி குறைஞ்சதுல தேறினாங்க, ஸ்டீராய்டுல 49 தான். விளம்பரத்துல எல்லாம் இந்த நம்பர்தான் வரும். ஆனா ஸ்டீராய்டு ஒரு வருஷத்துல சும்மா இருக்கறதைவிட மோசம்னு இப்பதானே பார்த்தோம், அப்போ அதை ஜெயிக்கறது ஒரு பெரிய விஷயமா? 2014-ல அமெரிக்காவுல 230 பேரை வச்சு பண்ணதுல எல்லாருக்கும் டெண்டான்ல ஊசியால குத்தினாங்க, ஒரு பாதிக்கு மட்டும் பிஆர்பி சேர்த்தாங்க, மூணு மாசத்துல சொல்லிக்கற மாதிரி வித்தியாசம் இல்ல, ஆறு மாசத்துல பிஆர்பி பக்கம் சுமார் 84 சதவீதம், மத்த பக்கம் 68 சதவீதம் பேர் தேறியிருந்தாங்க. அங்கயும் கவனிங்க, பிஆர்பி இல்லாம வெறும் ஊசி குத்தினவங்கள்லயே 68!

அடுத்த பக்கம், வெறும் உப்புத்தண்ணி ஊசியோட ஒப்பிட்ட ஆராய்ச்சிகள். 2013-ல டென்மார்க்ல 60 பேர், மூணு மாசத்துல பிஆர்பி, ஸ்டீராய்டு, உப்புத்தண்ணி மூணுக்கும் வலியில வித்தியாசம் இல்ல. 2020-ல ஃபின்லாந்துல ஒரு வருஷம் வரைக்கும் பார்த்தாங்க, அங்கயும் உப்புத்தண்ணியை பிஆர்பி தாண்டல. 2021-ல மருத்துவ ஆராய்ச்சிகளை தொகுத்து அலசற காக்ரேன் அமைப்பு 32 ஆராய்ச்சிகளை ஒண்ணா சேர்த்து அலசி, சொந்த ரத்தத்தை அப்படியே போடற ஊசியோ பிஆர்பியோ டென்னிஸ் எல்போல சொல்லிக்கற மாதிரி பலன் தர்றதில்லனு முடிச்சாங்க. இதுக்கு பதிலா பிஆர்பி பக்கம் இருக்கற டாக்டர்கள் சொல்றது, ஒவ்வொரு ஆராய்ச்சியிலயும் பிஆர்பி தயாரிக்கற முறை வேற வேற, ஒரே மருந்தா இல்லாததை ஒரே மருந்து மாதிரி கூட்டி கழிச்சா எப்படினு. அதுலயும் கொஞ்சம் நியாயம் இருக்கு, முழு நியாயம்னு சொல்ல மாட்டேன்.

என் கணக்கு இது: ஆறு மாசம் தாண்டின வலி, மூணு மாசம் உண்மையா எக்சர்சைஸ் பண்ணியாச்சு, அடுத்து ஆபரேஷன் பத்தி பேச்சு வருது, செலவு கையை கடிக்காதுன்னா பிஆர்பி ஒரு தடவை போட்டு பார்க்கலாம், உங்க ரத்தமே உங்களுக்கு போறதால பெரிய ஆபத்து இல்ல. கடன் வாங்கி போடற அளவுக்கு இது நிச்சயமான வைத்தியம் கிடையாது.

டாக்டர்கிட்ட கேட்கவேண்டியது

ஸ்கேன் வச்சு பார்த்துக்கிட்டே போடுவீங்களானு கேளுங்க. டெண்டான் சின்ன இடம், அல்ட்ராசவுண்ட்ல பார்த்து போட்டா ஊசி முனை எங்க இருக்குனு தெரியும், கிழிசல் எதாவது இருக்கானும் தெரியும். எவ்வளவு ரத்தம் எடுப்பீங்க, வெள்ளணு அதிகமா இருக்கற பிஆர்பியா கம்மியா இருக்கறதானு கேளுங்க, டெண்டானுக்கு அதிகம் இருக்கறதைத்தான் நிறைய ஆராய்ச்சியில போட்டிருக்காங்க, ஆனா அதுல போட்ட பிறகு வலி கொஞ்சம் கூட இருக்கும். மரத்துப்போற மருந்தை எங்க போடுவாங்கனு கேளுங்க, தோலுக்கு போட்டா சரி, பிஆர்பியோடயே கலந்து டெண்டானுக்குள்ள நிறைய விட்டா அது பிளேட்லெட்டோட வேலையை கெடுக்கலாம்னு லேப்ல பார்த்திருக்காங்க. போட்ட பிறகு எக்சர்சைஸ் பிளான் யார் தருவாங்கனு கேளுங்க. எனக்கு இந்த கடைசி கேள்விதான் முக்கியம், இதுக்கு பதில் இல்லாத இடத்துல பிஆர்பி போட்டா பாதி வைத்தியம்தான். மூணு ஊசி பேக்கேஜ்னு முதல்லயே விக்கப் பார்த்தா ஒண்ணு போட்டுட்டு பார்க்கறேன்னு சொல்லிடுங்க.

போட்டி விளையாட்டுல இருக்கறவங்க ஊக்கமருந்து பிரச்சனை வருமானு பயப்படுவாங்க. உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பு 2010-ல தசைக்குள்ள போடற பிஆர்பியை தடை பண்ணாங்க, 2011-லயே அதை எடுத்துட்டாங்க, ஆனாலும் உங்க டீம் டாக்டர்கிட்ட சொல்லிட்டே போடுங்க.

போடறதுக்கு முன்னாடி

ஒரு வாரம் முன்னாடியே வலி மாத்திரைகளை நிறுத்த சொல்லுவாங்க, ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், நாப்ராக்ஸென், அசிக்ளோஃபெனாக் இந்த வகை எல்லாம், ஏன்னா இதெல்லாம் பிளேட்லெட் வேலையையும் திசு ஆறுற ஆரம்ப கட்டத்தையும் அமுக்கும். வலி தாங்கலைனா பாராசிட்டமால் போட்டுக்கலாம். ஆனா ஒண்ணு, இதயத்துக்காகவோ பக்கவாதத்துக்காகவோ ஆஸ்பிரின் இல்ல ரத்தம் உறையாம இருக்கற மாத்திரை சாப்பிடறவங்க அதை தன்னிச்சையா நிறுத்தவே கூடாது, அதை எழுதிக்கொடுத்த டாக்டர்கிட்ட கேட்டுட்டுதான் எதையும் பண்ணணும். ஒரு முழங்கை வலிக்காக இதயத்தை பணயம் வைக்க முடியாது.

பிளேட்லெட் கம்மி, ரத்தசோகை, ரத்தம் சம்பந்தப்பட்ட வியாதி, கேன்சர், காய்ச்சல், உடம்புல எங்கயாவது இன்ஃபெக்ஷன், கர்ப்பம், சமீபத்துல ஸ்டீராய்டு ஊசி போட்டது, இதுல எது இருந்தாலும் முன்னாடியே சொல்லிடுங்க, சிலதுக்கு தள்ளிப்போடுவாங்க, சிலதுக்கு வேணாம்னே சொல்லுவாங்க. ஊசியை பார்த்தாலே மயக்கம் வர்ற ஆளா இருந்தா அதையும் கூச்சப்படாம சொல்லுங்க, படுக்க வச்சே எடுப்பாங்க.

அன்னைக்கு நல்லா தண்ணி குடிங்க, வெறும் வயித்தோட போகாதீங்க, தோள் வரைக்கும் ஏத்தி விடற லூசான சட்டை போடுங்க. வண்டி ஓட்ட வேற ஆளை கூட்டிக்கிட்டு போங்க. முக்கியமா, நீங்க சாதாரணமா பயன்படுத்தற கைலதான் ஊசினா அடுத்த ரெண்டு மூணு நாள் வேலையை முன்னாடியே ஒதுக்கிடுங்க.

ஊசி போடற நாள்

நல்லா இருக்கற கையில இருந்து ரத்தம் எடுப்பாங்க, பிஆர்பி தயாரிக்கற கிட்டை பொறுத்து 15 மில்லில இருந்து 60 மில்லி வரைக்கும் இருக்கும், உறையாம இருக்க சிட்ரேட் கலந்த டியூப்ல எடுப்பாங்க. மெஷின்ல சுத்தறதுக்கு ஒரு கால் மணி நேரம் வச்சுக்கோங்க. கடைசியில கைக்கு போறது ரெண்டு மூணு மில்லிதான். தோலை மரத்துப்போக வச்சு, ஒரே ஓட்டை வழியா ஊசியை உள்ள விட்டு, வெளிய எடுக்காமலே முனையை கொஞ்சம் கொஞ்சமா திருப்பி டெண்டான்ல நாலஞ்சு இடத்துல குத்தி குத்தி மருந்தை விடுவாங்க. இது வலிக்கும். "லேசா அழுத்தற மாதிரி இருக்கும்"னு சொல்லுவாங்க, நம்பாதீங்க, ஆனா ஓரிரு நிமிஷத்துல முடிஞ்சுடும். முடிஞ்ச உடனே எழுந்து ஓடாம பத்து பதினஞ்சு நிமிஷம் அங்கயே இருங்க, தலைசுத்தல் வர்றவங்களுக்கு அப்பதான் வரும்.

போட்ட பிறகு

முதல் ரெண்டு மூணு நாள் முன்னாடி இருந்ததைவிட வலி அதிகமா இருக்கும், சிலருக்கு ஒரு வாரம் பத்து நாள்கூட போகும். பயப்படாதீங்க, பணம் போச்சேனு புலம்பாதீங்க, இது எதிர்பார்த்ததுதான். பாராசிட்டமால் மட்டும். வலி மாத்திரை டப்பாவை திறக்காதீங்க, குறைஞ்சது ரெண்டு வாரம், சில டாக்டர்கள் நாலு வாரம் வரைக்கும் சொல்லுவாங்க. ஐஸ் வைக்கலாமாங்கறதுல டாக்டருக்கு டாக்டர் பேச்சு மாறும், உங்களுக்கு போட்டவர் சொல்றபடி செய்ங்க. கையை துணியில கட்டி தொங்கவிட்டுக்கிட்டு வாரக்கணக்கா அலையாதீங்க, விரலையும் முழங்கையையும் மெதுவா மடக்கி நீட்டிக்கிட்டே இருங்க, கனமா எதையும் தூக்காதீங்க அவ்வளவுதான். மூணாவது நாளுக்கு மேல வலி குறையாம ஏறுது, சிவப்பு பரவுது, சூடா இருக்கு, சீழ் இல்ல காய்ச்சல் வருதுன்னா அன்னைக்கே டாக்டரை பாருங்க, இன்ஃபெக்ஷன் அபூர்வம்தான் ஆனா வந்தா காத்திருக்கற விஷயம் இல்ல.

ரெண்டு வாரம் கழிச்சு உண்மையான வேலை ஆரம்பிக்குது. டெண்டானுக்கு கணக்கான சுமை கொடுத்தாதான் புது நார்கள் சரியான திசையில அடுக்கும். முதல்ல அசையாம பிடிக்கற பயிற்சி: முன்னங்கையை மேஜை மேல வச்சு, உள்ளங்கை கீழ பார்த்தபடி, இன்னொரு கையால அமுக்க அமுக்க மணிக்கட்டை அசையாம முப்பது நாப்பது விநாடி பிடிச்சுக்கோங்க, ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை. அது வலிக்காம வந்த பிறகு கையை மேஜை ஓரத்துல தொங்கவிட்டு அரை கிலோ எடையை பிடிச்சுக்கோங்க, நல்ல கையால தூக்கி விட்டு, வலிக்கற கையால மட்டும் மெதுவா நாலஞ்சு விநாடி எடுத்து கீழ இறக்குங்க. பதினஞ்சு தடவை, மூணு ரவுண்டு. இறக்கறதுதான் பயிற்சி, தூக்கறது இல்ல. முறுக்கற ரப்பர் தடினு ஒண்ணு கிடைக்கும், அதை நல்ல கையால முறுக்கி வலிக்கற கையால மெதுவா விடற பயிற்சியும் இதே வேலையை செய்யும், அதை பிசியோ ஒரு தடவை காட்டிக்கொடுத்தா நல்லது, வாயால சொன்னா குழப்பமாத்தான் இருக்கும்.

பண்ணும்போது பத்துக்கு மூணு நாலு அளவுக்கு வலி இருந்தா பரவாயில்ல, மறுநாள் காலையில அது இறங்கியிருந்தா சரி. இறங்கலைனா எடையை குறைங்க, விட்டுடாதீங்க. நிறைய பேர் இங்கதான் விட்டுடறாங்க, ஒரு நாள் வலிச்சா ஒரு வாரம் ரெஸ்ட், அப்புறம் மறந்தே போகும், அப்புறம் பிஆர்பி வேஸ்ட்டுனு சொல்லுவாங்க.

கூடவே கையை எப்படி பயன்படுத்தறோம்ங்கறதையும் மாத்தணும், பையை தூக்கும்போது உள்ளங்கை மேல பார்க்கற மாதிரி, முழங்கை உடம்போட ஒட்டின மாதிரி தூக்குங்க, மவுஸை எட்டிப்பிடிக்காம பக்கத்துல வைங்க, ஈரத்துணி பிழியறதை கொஞ்ச நாள் வேற யாருக்காவது கொடுங்க. முன்னங்கை பெல்ட் போடறவங்க அதை முட்டு மேலயே போடாதீங்க, அதுக்கு ரெண்டு விரல் அளவு கீழ சதை மேல போடணும். டென்னிஸ், பேட்மிண்டன் ஆடறவங்க மூணு மாசத்துக்கு முன்னாடி முழு வேகத்துல ஆடாம இருக்கறது நல்லது, பேக்ஹேண்டை கடைசியா சேருங்க.

வேலை செஞ்சுதானு எப்படி தெரியும்

தினமும் அழுத்தி அழுத்தி பார்த்தா பைத்தியம்தான் பிடிக்கும். கதவு கைப்பிடியை திருப்பறது, நிறைஞ்ச பாட்டிலை கை நீட்டி தூக்கறது, கை குலுக்கறதுனு மூணு வேலையை எடுத்துக்கோங்க, ஊசிக்கு முந்தின நாள் பத்துக்கு எவ்வளவு வலினு எழுதி வைங்க, அப்புறம் வாரம் ஒரு தடவை அதையே எழுதுங்க. ஆறு வாரத்துல லேசா மாற்றம் தெரியலாம், மூணு மாசத்துல ஒரு முடிவுக்கு வரலாம், ஆறு மாசம் வரைக்கும்கூட முன்னேற்றம் தொடரும். ரெண்டாவது வாரத்துல வலி இருக்கேனு ஒரு ஸ்டீராய்டு போட்டுக்கிட்டா முதல்ல போட்டதும் வீண்.

மூணு மாசத்துல பாதியாவது குறைஞ்சு அப்படியே நின்னுடுச்சுனா ரெண்டாவது ஊசி பத்தி பேசலாம். கொஞ்சம்கூட அசையலைனா ரெண்டாவது போட்டு என்ன ஆகப்போகுதுனு எனக்கு புரியல, அப்போ மறுபடியும் முதல் கேள்விக்கு போங்க, இது டென்னிஸ் எல்போதானா, எம்ஆர்ஐல பெரிய கிழிசல் இருக்கா, நரம்பா, கழுத்தா. அதெல்லாம் இல்ல, ஒரு வருஷமும் தாண்டிடுச்சு, வேலையே பார்க்க முடியலைனா குலைஞ்ச டெண்டான் பகுதியை வெட்டி எடுக்கற ஆபரேஷன் இருக்கு, அதுக்கு கையில அனுபவம் உள்ள சர்ஜனை பார்த்து, அதுக்கு அப்புறமும் இதே மாதிரி மாசக்கணக்குல எக்சர்சைஸ் பண்ணியாகணும்ங்கறதை தெரிஞ்சுக்கிட்டு தேதி வாங்குங்க.